அவளுக்காகவாம்

2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலம் ஒரு பட்டியலை வெளியிட்டது. மாநிலத்தின் எந்த அரசுப் பள்ளியிலும் இனி இருக்கக் கூடாத புத்தகங்கள், மொத்தம் 13. அவற்றில் 12 பெண்கள் எழுதியவை. ஆண் எழுதியது ஒன்றே ஒன்று. ஜூடி ப்ளூம், மார்கரெட் அட்வுட், எலன் ஹாப்கின்ஸ், பஞ்சாபில் பிறந்து கனடாவில் வளர்ந்த ரூபி கவுர், ஆறு தலைப்புகளோடு சாரா ஜே. மாஸ் என்று நீள்கிறது பட்டியல். அங்குள்ள 41 பள்ளி மாவட்டங்களில் மூன்று மாவட்டங்கள் ஒரு நூலை ஆபாசம் என்று நீக்கிவிட்டால் போதும், மாநிலம் முழுக்க அந்த நூல் போக வேண்டும் என்று அந்த ஆண்டு சட்டம் வந்திருந்தது. நீக்கிய பிரதிகளை விற்கவும் கூடாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது, அப்புறப்படுத்திவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். பழைய பேப்பர் கடைக்குக்கூடப் போட முடியாது.

சாரா ஜே. மாஸின் நாவல்கள் எனக்குப் பிடிக்காது. தலையணை தடிமனில் இருக்கும், அதே ராஜகுமாரன் திரும்பத் திரும்ப வருவான். ஆனால் எனக்குப் பிடிக்காததை ஒரு பதினாறு வயதுப் பெண் இரவு இரண்டு மணிவரை விழித்துப் படிப்பதில் எனக்கு என்ன வேலை?

ஜூடி ப்ளூமின் 'ஃபாரெவர்' விஷயத்துக்கு வருகிறேன். 1975இல் வந்த நாவல். பள்ளி இறுதியாண்டுப் பெண் ஒருத்தி காதலிக்கிறாள். யோசித்து, கருத்தடைக்கு ஏற்பாடு செய்துகொண்டு, உறவுகொள்கிறாள். பிறகு அந்தக் காதல் தானாகவே முடிந்துபோகிறது. அவள் சாகவில்லை. கர்ப்பமாகித் தெருவில் நிற்கவில்லை. யாரும் அவளைத் தண்டிக்கவில்லை. ஐம்பது ஆண்டுகளாக அந்தப் புத்தகத்தைத் துரத்துகிறவர்களால் பொறுக்க முடியாதது அந்தத் தண்டனை இல்லாமல் போனதைத்தான். கெடுத்தவனுக்கே கட்டிவைக்கும் சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாதா என்ன?

இத்தனையும் யாருக்காக என்று கேட்டால், பெண் குழந்தைகளுக்காகவாம். அவர்களுடைய மனசு கெடக்கூடாதாம். இந்த 'வாம்'தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். யாருடைய பெயரைச் சொல்லிப் பூட்டுகிறார்களோ அவளை ஒருவரும் கேட்கவில்லை. கேட்காத இடத்துக்கு அவளே கிளம்பிப் போனாள். கடந்த சில ஆண்டுகளில் அமெரிக்கப் பள்ளிகளில் நடந்த எதிர்ப்பை நான் இப்படித்தான் படிக்கிறேன்.

முதலில் எந்தப் புத்தகங்கள் போகின்றன என்று பாருங்கள். டோனி மாரிசனின் 'தி ப்ளூயஸ்ட் ஐ', 1970. தகப்பனால் வன்புணரப்படும் ஒரு கறுப்பினச் சிறுமியின் கதை. லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் 'ஸ்பீக்', 1999. ஒன்பதாம் வகுப்பில் நுழையவிருக்கும் ஒரு பெண் ஒரு விருந்தில் வன்புணரப்படுகிறாள், அதற்குப் பின் அவளுக்குப் பேச்சே வருவதில்லை, மெல்ல மெல்லத்தான் அதைச் சொல்ல வாய் வருகிறது. பேசு என்பதுதான் நூலின் பெயரே. இவற்றை நீக்கும்போது எழுதப்படும் காரணம் 'பாலியல் உள்ளடக்கம்'. குற்றம் வீட்டில் நடக்கலாம், விருந்தில் நடக்கலாம், அதைப் பெண் சொல்லும்போதுதான் அது ஆபாசமாகிறது. செய்தவனுடைய அசிங்கத்தைச் சொன்னவள் தலையில் கட்டும் இந்த வேலை எல்லா மொழியிலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது.

2023 மார்ச்சில் புளோரிடா சட்டமன்றக் குழுவில் ஒரு மசோதா விவாதத்துக்கு வந்தது. ஆறாம் வகுப்புக்கு முன்னால் பாலியல் கல்வி கூடாது என்பது அதிலொரு பகுதி. ஐந்தாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ வயதுக்கு வந்துவிட்ட சிறுமி அதைப் பற்றிப் பள்ளியில் பேசினால் அதையும் இது தடுக்குமா என்று ஒரு பெண் உறுப்பினர் கேட்டார். தடுக்கும் என்றார் மசோதாவைக் கொண்டுவந்தவர். பிறகு திருத்தத்துக்குத் தயார் என்றும் சொன்னார். அது வேறு. முதலில் வாயில் வந்தது அந்தப் பதில்தான். அந்த மசோதா சட்டமான பிறகு எஸ்காம்பியா என்ற பள்ளி மாவட்டத்தில் ஆய்வு செய்ய வேண்டும் என்று 1,600க்கும் மேற்பட்ட நூல்களை அடுக்கிலிருந்து எடுத்தார்கள். அதில் மாணவர்களுக்கான அகராதிகளும் இருந்தன. உடலுறுப்புகளுக்கு அகராதியில் பொருள் இருக்குமே!

'பெற்றோர் உரிமை' என்ற சொல்லைத்தான் இவர்கள் கேடயமாகப் பிடிக்கிறார்கள். 2021 ஜனவரியில் புளோரிடாவில் தொடங்கி நாடெங்கும் கிளை பரப்பிய அமைப்பு 'மாம்ஸ் ஃபார் லிபர்ட்டி', சுதந்திரத்துக்கான அம்மாக்கள், என்று பெயர் வைத்துக்கொண்டது. அம்மா என்று சொன்னால் எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. 2021-22 பள்ளியாண்டில் வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்களைத் திரட்டி 'வாஷிங்டன் போஸ்ட்' ஆராய்ந்தபோது, அவற்றில் 60 சதவீதத்தைக் கொடுத்தவர்கள் வெறும் 11 பேர். 2024இல் நூல்களை நீக்கக் கோரிய முயற்சிகளில் பெற்றோரிடமிருந்து வந்தவை 16 சதவீதம்தான் என்கிறது அமெரிக்க நூலகச் சங்கம். மிச்சத்தில் பெரும்பங்கு அமைப்புகளும் வாரிய உறுப்பினர்களும் அரசியல்வாதிகளும் கிளப்பியவை. 2023-24 பள்ளியாண்டில் மட்டும் பென் அமெரிக்கா அமைப்பு எண்ணிய நீக்கங்கள் 10,046. ஊரிலுள்ள அம்மாக்கள் எல்லாம் சேர்ந்து கண்ணீரோடு வந்து நின்றதால் இது நடக்கவில்லை. பட்டியல் கையில் தயாராக இருந்தது, அதை நிரப்பிக் கொடுத்தார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என் மாணவிகளின் அம்மாக்களே என்னிடம் சண்டைக்கு வருவார்கள். எட்டு வயதுக் குழந்தையின் கையில் எதை வேண்டுமானாலும் கொடு என்று நான் சொல்லவில்லை. தொடக்கப்பள்ளி அடுக்கில் எது இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கத்தான் நூலகர் என்ற பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறார். தன் மகள் ஒரு புத்தகத்தை இப்போது படிக்க வேண்டாம் என்று ஓர் அம்மா நினைத்தால் அது அவர்கள் வீட்டுப் பேச்சு, அந்த அம்மாவும் மகளும் பேசிக்கொள்ளட்டும். உன் மகளுக்கு வேண்டாம் என்பதற்காக என் மகளுக்கும், அடுத்த ஊரில் இருக்கும் முகம் தெரியாத ஆயிரம் பெண்களுக்கும் வேண்டாம் என்று நீ முடிவெடுப்பது எப்படித் தாய்மையாகும்? அது ஊர்ப் பஞ்சாயத்து.

இனி அந்தப் பிள்ளைகள் செய்ததைப் பார்ப்போம். எல்லா ஊரையும் சொல்லப்போவதில்லை. பென்சில்வேனியாவில் யார்க் நகருக்கு அருகே சென்ட்ரல் யார்க் என்ற பள்ளி மாவட்டம். கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்டு நாடே தெருவுக்கு வந்த 2020இல், பன்மைத்துவம் பற்றிப் படிக்க உதவும் நூல்கள், காணொலிகளின் பட்டியல் ஒன்றை ஆசிரியர்களும் மற்றவர்களும் சேர்ந்து தயாரித்தார்கள். முழுக்க வெள்ளையர்களாலான பள்ளி வாரியம் அந்தப் பட்டியல் முழுவதையும் வகுப்பறைக்கு ஆகாது என்றது. பேருந்தில் எழுந்து இடம் தர மறுத்த ரோசா பார்க்ஸைப் பற்றிய சிறுவர் நூல் அதிலிருந்தது. பள்ளிக்குப் போனதற்காகச் சுடப்பட்ட மலாலா தன் கதையைச் சொன்ன நூல் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குள்ளேயே மலாலாவுக்கு இடமில்லை! இது தடை அல்ல, ஆராய்ந்து பார்க்கும்வரை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று வாரியம் விளக்கம் சொன்னது. நிறுத்தி வைத்து ஓராண்டு ஆகப்போகிறது, ஆராய்ச்சி முடியவில்லை.

2021 செப்டம்பரில் அங்கே இனவாத எதிர்ப்பு மாணவர் சங்கத்தைச் சேர்ந்த பிள்ளைகள், முன்னின்றவர்களில் பெண்கள் கணிசம், தினமும் காலையில் பள்ளி தொடங்குவதற்கு முன்பு வாசலில் அட்டைகளோடு நின்றார்கள். நின்றுவிட்டு முதல் மணிக்கு வகுப்புக்குப் போனார்கள். ஒழுங்கு நடவடிக்கை என்று யாரும் கை நீட்ட முடியாதபடி அந்த நேரத்தைத் தேர்ந்ததில் இருக்கும் சாமர்த்தியத்தை நான் மிகவும் ரசிக்கிறேன். பத்திரிகைகள் வந்தன, எழுத்தாளர்கள் பேசினார்கள், ஊர்க்காரர்கள் புத்தகம் வாங்கி விநியோகித்தார்கள். செப்டம்பர் 20 அன்று வாரியம் தன் முடிவைத் திரும்பப் பெற்றது. ஓராண்டாகப் பெரியவர்களின் விண்ணப்பங்களால் நகராதது சில வாரக் காலைகளில் நகர்ந்தது.

டெக்சஸில் ஆஸ்டின் அருகே லியாண்டர் மாவட்டத்தில், கார்மன் மரியா மச்சாடோவின் 'இன் தி ட்ரீம் ஹவுஸ்' முதலான நூல்கள் வகுப்பறைப் பட்டியலிலிருந்து தூக்கப்பட்டன. மச்சாடோவின் நூல், காதல் உறவுக்குள் தான் அனுபவித்த வன்முறையைப் பற்றியது. அங்கே ஒரு பள்ளியின் இரண்டு மாணவிகள் 2021இல் தடைசெய்யப்பட்ட நூல்களின் வாசிப்பு வட்டத்தைத் தொடங்கினார்கள். நீக்கியதை எல்லாம் வரிசையாக எடுத்துப் படித்துவிட்டு, வாரியக் கூட்டத்துக்குப் போய்ப் படித்தவர்கள் என்ற தகுதியோடு பேசினார்கள். பென்சில்வேனியாவின் சிறிய ஊரான குட்ஸ்டவுனில் எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி புத்தகக் கடையொன்றில் இதே போன்ற வட்டத்தை 2022 ஜனவரியில் கூட்டினாள். முதலில் எடுத்துக்கொண்டது ஆர்வெலின் 'விலங்குப் பண்ணை'. டெக்சஸின் கேட்டி மாவட்டத்தில் ஒரு மாணவர் முதல்முறை வாரியக் கூட்டத்தில் பேசப் போனபோது அங்கிருந்த ஒரே மாணவர் அவர்தான். சில மாதங்களில் கூடம் மாணவர்களால் நிறைந்தது. நூற்றுக்கணக்கான பிரதிகளைப் பள்ளிகளில் இலவசமாகக் கொடுத்தார்கள். பால்புதுமையினர்க்கான தற்கொலைத் தடுப்பு உதவித் தளத்தைக்கூடப் பள்ளி இணையத்தில் அடைத்து வைத்திருந்தார்கள், அதையும் போராடித் திறக்க வைத்தார்கள். தற்கொலையைத் தடுக்கும் பக்கத்தை மூடிவைத்துவிட்டு, பிள்ளைகளைப் பாதுகாக்கிறோம் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

வாரியக் கூட்டம் என்றால் என்ன என்று நம் மாணவிகளுக்குச் சொல்ல வேண்டும். மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் மேடையில் இருப்பார்கள். பேச விரும்புகிறவர் பெயர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். இரண்டு, மூன்று நிமிடம்தான் ஒலிவாங்கி. இந்தப் பிள்ளைகளுக்கு ஓட்டு கிடையாது. அந்த உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது, வீட்டுக்கு அனுப்பவும் முடியாது. மறுநாள் தேர்வை வைத்துக்கொண்டு, இரவு தன் பெயர் அழைக்கப்படும்வரை உட்கார்ந்திருந்து, உன் அப்பா வயது ஆள் ஒருவர் உன் உடலைப் பற்றியும் உன் கெட்டுப்போகும் மனசைப் பற்றியும் பேசுவதைக் கேட்டுவிட்டு, பிறகு எழுந்து போய் நடுங்காமல் மூன்று நிமிடம் பேச வேண்டும். அது சின்ன வேலை இல்லை.

அதற்குப் பெரியவர்கள் கொடுத்தது என்ன? கைதட்டல். தடையை எதிர்க்கும் நம் பக்கத்துப் பெரியவர்களைத்தான் சொல்கிறேன். 'நம்பிக்கை தரும் தலைமுறை' என்று கட்டுரை எழுதுவார்கள், மேடையில் ஏற்றிச் சால்வை போடுவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள். பிள்ளை மேடையிலிருந்து இறங்கியதும், நூல் தேர்வுக் குழுவில் மாணவர்களுக்கு இரண்டு இடம் கொடுங்கள் என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். தைரியசாலி என்று பாராட்டுவது சுலபம், அதிகாரத்தில் பங்கு கொடுப்பது கஷ்டம். பெண்களுக்கு இது பழகிப்போன வித்தைதானே? தியாகி, தெய்வம் என்பார்கள். சொத்தில் பங்கு கேட்டால் தெரியும்.

நியாயமாக விலை கொடுத்த பெரியவர்களும் உண்டு, அவர்களை மறைக்கக் கூடாது. நியூயார்க்கின் புரூக்ளின் பொது நூலகம் 2022 ஏப்ரலில், நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும் 13 முதல் 21 வயதுவரை உள்ளவர்களுக்கு மின்னூல் எடுக்கும் அட்டையை இலவசமாகத் தரத் தொடங்கியது. ஒக்லஹோமா மாநிலத்தில் நார்மன் என்ற ஊரில் ஓர் ஆங்கில ஆசிரியை, எந்தப் புத்தகம் சிக்கலாகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று மேலிடம் சொன்னபோது, தன் வகுப்பறை அடுக்கை முழுவதும் சிவப்புத் தாளால் மூடினார். மாநிலம் நீங்கள் படிக்க விரும்பாத புத்தகங்கள் இவை என்று அதன்மேல் எழுதினார். கூடவே அந்த நூலக அட்டைக்கான கியூஆர் கோடையும் ஒட்டினார். வேலையை விட நேர்ந்தது. 2024இல் மாநிலக் கல்வி வாரியம் அவருடைய ஆசிரியர் சான்றிதழையே ரத்து செய்தது. ஒரு கியூஆர் கோடு!

இந்தப் போராட்டத்துக்கு ஒரு மூத்த கதை இருக்கிறது. 1976இல் நியூயார்க் மாநிலத்தின் ஐலண்ட் ட்ரீஸ் பள்ளி வாரியம், ஓர் அமைப்பு கொடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு பதினொரு நூல்களை எடுத்தது. ரிச்சர்ட் ரைட்டின் 'ப்ளாக் பாய்', லாங்ஸ்டன் ஹியூஸ் தொகுத்த கறுப்பின எழுத்தாளர்களின் சிறுகதைகள், ஆலிஸ் சில்ட்ரெஸின் நாவல் எல்லாம் அதில் உண்டு. அமெரிக்காவுக்கு எதிரானவை, கிறித்துவத்துக்கு எதிரானவை, அசிங்கமானவை என்றது வாரியம். அப்போது 17 வயதான ஸ்டீவன் பிக்கோவும் இன்னும் நான்கு மாணவர்களும் வழக்குப் போட்டார்கள். ஐவரில் ஒருவர் மாணவி. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1982 ஜூனில் 5-4 என்று மயிரிழையில் மாணவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் ஒரு நூலை நூலகத்திலிருந்து எடுக்க வாரியத்துக்கு உரிமையில்லை என்று நீதிபதி பிரென்னன் எழுதினார். எழுதுகிறவருக்குச் சொல்லும் உரிமை இருப்பதுபோல, படிக்கிறவருக்குப் பெறும் உரிமை உண்டு என்பது அவர் வாதம். ஆனால் ஐந்து பேரும் ஒரே காரணத்தைச் சொல்லவில்லை. பெரும்பான்மை ஒப்புக்கொண்ட விளக்கம் என்று ஒன்று உருவாகவே இல்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் நாற்பதாண்டு கழித்து வெள்ளம் உள்ளே வந்தது.

டெக்சஸின் லானோ வட்டாரப் பொது நூலகத்தில் 2021இல் 17 நூல்களை அகற்றினார்கள். வாசகர்கள் வழக்குப் போட்டார்கள். 2025 மே மாதம் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு, நூலகம் ஒரு புத்தகத்தை எடுத்துவிட்டால் அதை எதிர்க்கத் தகவல் பெறும் உரிமையைக் காட்டி வர முடியாது என்று 10-7 எனத் தீர்ப்பளித்தது. அதே டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. டெக்சஸ், லூசியானா, மிசிசிப்பி மூன்று மாநிலங்களிலும் இப்போது இதுதான் சட்டம். அந்த 17இல் வளரிளம் பருவ உடல்மாற்றங்களைப் படங்களோடு விளக்கும் சிறுவர் நூல் இருந்தது. ஒரு திருநங்கைப் பெண்ணின் தன்வரலாறு இருந்தது. இசபெல் வில்கர்சனின் 'காஸ்ட்'டும் இருந்தது. அமெரிக்க நிறவெறியை நம் ஊர்ச் சாதியோடு வைத்துப் பார்த்து, அம்பேத்கரைப் பேசும் நூல். பூப்பு, பால்மாற்றம், சாதி என்று எடுத்தவர்கள் சரியாகத்தான் எடுத்திருக்கிறார்கள், எங்கே கை வைத்தால் அடுக்கு சரியும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

'அது அமெரிக்கா. அங்கே பள்ளிக்குப் பள்ளி நூலகம் இருக்கிறது, சண்டை போடுகிறார்கள். இங்கே நூலகப் பாடவேளையிலேயே கணக்கு நடத்துகிறார்கள், உனக்கென்ன?' என்று ஒரு தோழி கேட்டாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 2021 ஆகஸ்டில், சென்ட்ரல் யார்க் பிள்ளைகள் வாசலில் நிற்பதற்குச் சில நாள் முன்பு, டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஆங்கில இளங்கலைப் பாடத்திலிருந்து மூன்று பெண்களின் எழுத்து நீக்கப்பட்டது. மகாசுவேதா தேவியின் 'திரௌபதி', நம் பாமா, நம் சுகிர்தராணி. எந்தத் தாளிலிருந்து தெரியுமா? பெண்கள் எழுத்து என்ற தாளிலிருந்து. 'திரௌபதி'யில் ஆயுதப் படையினர் ஓர் ஆதிவாசிப் பெண்ணைக் கூட்டாக வன்புணர்கிறார்கள். அவள் உடையை மறுத்து அதிகாரியின் எதிரே வந்து நிற்கிறாள். அங்கேயும் சொன்னவள்தான் ஆபாசமானாள். அதற்கு முந்தைய ஆண்டு திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், ஒரு மாணவர் அமைப்பின் புகாருக்குப் பின் அருந்ததி ராயின் நூலை முதுகலைப் பாடத்திலிருந்து எடுத்தது. குட்டி ரேவதி 2002இல் தன் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயர் வைத்தபோது எழுந்த கூச்சலை அன்றைக்குப் படித்துக்கொண்டிருந்த எங்கள் வயதுப் பெண்கள் மறக்க மாட்டார்கள்.

இங்கே தடை என்ற சொல்லுக்கே தேவையில்லை. நான் வேலை பார்த்த ஒரு பெண்கள் கல்லூரியில் நூலகத்தின் பின்சுவரோரம் ஒரு கண்ணாடி பீரோ. உள்ளே இருப்பது தெரியும், எடுக்க முடியாது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள். அம்பையும் சல்மாவும் அதற்குள்தான் இருந்தார்கள். விடுதியில் பெட்டி சோதனை நடக்கும், செல்போனோடு நாவலும் பறிபோகும். எந்த உத்தரவும் எழுத்தில் கிடையாது. எழுத்தில் இல்லாததால் எதிர்க்க ஒரு காகிதம்கூட இல்லை. யூட்டாவாவது 13 பெயரைப் பட்டியல் போட்டு வெளியிட்டது.

அதனால் முதலில் காகிதத்தை உண்டாக்க வேண்டும். அரசுக் கல்லூரியில் படிக்கிறவள் பத்து ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்: கடந்த ஐந்தாண்டில் எந்தெந்த நூல்கள் இரவல் அடுக்கிலிருந்து எடுக்கப்பட்டன, யார் சொல்லி, எந்தத் தேதியில், நூல் தேர்வுக் குழுவில் யார் யார், அதில் மாணவி உண்டா. பதில் வர முப்பது நாள். அதற்குள் ஐந்து பேர் சேர்ந்து அந்த பீரோவில் கண்ணாடி வழியே தெரியும் தலைப்புகளைக் குறித்துக்கொண்டு வந்துவிடலாம். வெளியே கடையில் அவை கிடைக்கும்.